பாரதி பாட்டும் நம்ம பதிவும்: யாருக்குச் சொந்தம்?

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே நேரமில்லை. செமஸ்டர் ஆணிகள் அதிகம். இப்பவும் முடிஞ்ச பாடில்லை. ஆனா ஒரு விஷயம் மண்டைக்குள்ள குடைஞ்சுக்கிட்டே இருக்கு. எழுதித் தீர்த்துட்டா படிப்புல கவனம் போகும்னு ஒரு நப்பாசை :-)

விஷயம் இதுதான். நம்ம பதிவர் நண்பர் ஒருத்தர் தென்மாவட்டப் பனையேறிகளைப் பத்தி ஒரு தொடர் எழுதினார். ஊர் ஊரா அலைஞ்சு, பெரியவங்களோட உட்கார்ந்து பேசி, சேகரிச்சு எழுதினது. அதை ஒரு வீடியோ சானல்காரங்க வரிக்கு வரி வாசிச்சு, பின்னணியில புல்லாங்குழல் ஓடவிட்டு ஏத்திட்டாங்க. நண்பர் பேர் இல்லை. சுட்டி இல்லை. ஏதோ அவங்களே மரத்தடியில நின்னு கேட்டு வந்த மாதிரி ஒரு முன்னுரை வேற. நண்பர் நொந்து போய், "இனிமே எழுதறதா இல்லை. எழுதினதையும் பூட்டி வைக்கப் போறேன்"னு மடல் போட்டிருக்கார்.

அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். அது நீண்டு போய் இப்படிப் பதிவாயிடுச்சு. கொஞ்சம் பெரிசுதான், பொறுத்துக்கோங்க.

முதல்ல, நான் சட்டம் படிக்கிறவன் இல்லை. பழைய கட்டடங்களைப் பராமரிக்கறது பத்தின முதுகலைப் படிப்பு, இத்தாலியில, பலெர்மோவில. தங்கியிருக்கறது பிரான்காச்சோங்கிற பகுதியில. இந்தப் பேரைச் சொன்னா இத்தாலிக்காரங்களுக்கு உடனே நினைவுக்கு வர்றது பாதிரியார் பினோ புல்யீசி. இந்தத் தெருப் பிள்ளைங்களை மாஃபியா பக்கம் போகவிடாம இழுத்துப் பிடிச்சதுக்காக 1993 செப்டம்பர் 15 அன்னிக்குச் சுட்டுக் கொல்லப்பட்டவர். எனக்கு இந்த ஊர் பிடிச்சுப் போனதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. இங்க ஒரு அரண்மனை இருக்கு. 'யாருக்குச் சொந்தம்'ங்கிற கேள்வியை அந்த அரண்மனையை வச்சே ஆரம்பிக்கலாம்.

அரண்மனையில குடியிருந்தவங்க

பேரு மாரேதோல்சே. 'இனிய கடல்'னு அர்த்தம். சிசிலியை அரபுகள் ஆண்ட காலத்துல எழுந்தது. அப்புறம் வந்த நார்மன் அரசன் இரண்டாம் ரோஜர் 12ஆம் நூற்றாண்டுல அதைத் தன் உல்லாச மாளிகையாக்கிக்கிட்டான். சுத்தி ஒரு பெரிய செயற்கை ஏரி. நூற்றாண்டுகள் போகப் போக ஏரி வத்தி எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டமாச்சு. கட்டடம் கைமாறிக் கைமாறி, 20ஆம் நூற்றாண்டுல அரண்மனைச் சுவத்துக்குள்ளயே குடும்பங்கள் வீடு தடுத்துக் குடியிருந்தாங்க. 1992ல சிசிலி மாநில அரசு அதைக் கையகப்படுத்தி, மெதுமெதுவா மீட்டு, பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. 2015ல அந்த இடத்துக்கு கார்லோ ஸ்கார்ப்பா விருது கிடைச்சது.

தனியார் கையில இருந்த ஒண்ணை அரசு வாங்கிப் பொதுவாக்கறது. இதைப் படிச்சப்ப எனக்கு உடனே கடையம்தான் ஞாபகம் வந்தது. எங்க ஊர்ப்பக்கம் மக்கா! பாரதியோட மனைவி செல்லம்மாவோட ஊர். அரண்மனையை இத்தாலிக்காரங்க பொதுவாக்கினாங்க. நம்ம ஆளுங்க ஒரு கவிஞனையே பொதுவாக்கியிருக்கோம், அதுவும் 43 வருஷம் முன்னாடியே.

பாரதியோட 'உள்ளடக்கம்'

பாரதி ஒரு வகையில நம்ம மாதிரி ஆள்தான். எழுதினதும் உடனே ஜனங்ககிட்டப் போய்ச் சேரணும். 1907ல அவரோட மூணு பாட்டை வி.கிருஷ்ணசாமி ஐயர் 15,000 பிரதி அச்சடிச்சு இலவசமா விநியோகிச்சார். இன்னிக்குக் கணக்குல அது செம ஹிட்டு. ஆனா பாரதிக்கு அதால சோறு கிடைக்கலை. 1908ல புதுச்சேரிக்குப் போனவர் பத்து வருஷம் அங்கயே முடங்கினார். திரும்பி வந்தப்புறம், 1920ல ஒரு திட்டம் போட்டார். தன் எழுத்து மொத்தத்தையும் 40 புத்தகமாப் பிரிச்சு, ஒவ்வொண்ணும் 10,000 பிரதி போடணும். தீப்பெட்டியும் மண்ணெண்ணெயும் மாதிரி வீட்டுக்கு வீடு போகணும். அதுக்குக் கடன் கேட்டு அறிக்கை விட்டார். பணம் வரலை. 1921 செப்டம்பர்ல போய்ச் சேர்ந்துட்டார்.

இங்கதான் கதையே ஆரம்பம். செல்லம்மா 'பாரதி ஆசிரமம்'ங்கிற பேர்ல தானே பதிப்பாளராகி 1922ல சுதேச கீதங்களை வெளியிட்டாங்க. கணவனை இழந்த ஒரு பெண் அந்தக் காலத்துல புத்தகம் போட்டு வித்துப் பிழைக்கறதை நினைச்சுப் பாருங்க. நடக்கலை. உரிமை கைமாறிப் பாரதி பிரசுராலயத்துக்குப் போச்சு. பாரதியோட தம்பி சி.விசுவநாதன் அதுல முக்கியமானவர். அவங்களைக் குறை சொல்ல முடியாது. 1928ல அரசாங்கம் பாரதி பாட்டுப் புத்தகங்களைத் தடை செஞ்சு பறிமுதல் பண்ணி, சட்டசபையில சத்தியமூர்த்தி எழுந்து முழங்கின காலத்தையெல்லாம் தாண்டி, புத்தகத்தை அச்சுல வச்சிருந்தது அவங்கதான்.

ஆனா உரிமைங்கிறது முறுக்கு மாதிரி. எத்தனை துண்டா வேணாலும் உடைக்கலாம். புத்தகமாப் போடற உரிமை ஒரு பக்கம் இருக்க, பாட்டை இசைத்தட்டிலயும் சினிமாவிலயும் பயன்படுத்தற உரிமை தனியா சென்னையில ஒரு நகை வியாபாரிகிட்டப் போச்சு. அங்கிருந்து ஏ.வி.மெய்யப்பன் கைக்கு வந்தது. அவர் 1947ல எடுத்த 'நாம் இருவர்' படத்துல டி.கே.பட்டம்மாள் பாடின பாரதி பாட்டுகளை எங்க தாத்தா தலைமுறை இன்னும் மறக்கலை. புத்தகம் வாசிக்கத் தெரியாதவன் காதுக்கும் பாரதியைக் கொண்டு சேர்த்தது ஏவி.எம்.தான். அந்த நன்றியையும் சொல்லணும்.

சிக்கல் எப்ப வந்தது? டி.கே.எஸ். சகோதரர்கள் 1948ல வந்த 'பில்ஹணன்' படத்துல ஒரு பாரதி பாட்டைப் பயன்படுத்தினாங்க. உரிமை எங்ககிட்ட இருக்குன்னு ஏவி.எம். தரப்பு சட்டரீதியாக் கிளம்பிடுச்சு. சட்டப்படி அது சரி. ஆனா ஜனங்களுக்கு அது பொறுக்கலை. சுதந்திரம் கேட்டுப் பாடினவன் பாட்டுக்கே சுதந்திரம் இல்லையான்னு கேட்டாங்க. 1947 அக்டோபர்ல எட்டயபுரம் மணிமண்டபத் திறப்பு விழாவுலயே ஜீவா இந்தக் கோரிக்கையை எழுப்பியிருந்தார். 1948ல வ.ரா. தலைமையில 'பாரதி விடுதலைக் கழகம்' உருவாச்சு. டி.கே.சண்முகம், நாரண துரைக்கண்ணன், திருலோக சீதாராம்னு பலரும் சேர்ந்தாங்க. கடைசியில 1949 மார்ச்ல, ஓமந்தூரார் ஆட்சியில, கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார் சட்டசபையில அறிவிச்சார்: பாரதி நூல்களோட உரிமையை அரசே எடுத்துக்குது. மெய்யப்பன் தன்கிட்ட இருந்ததைப் பணம் வாங்காமலே கொடுத்தார். செல்லம்மாவுக்கும் ரெண்டு மகள்களுக்கும் விசுவநாதனுக்கும் அரசு தொகை கொடுத்தது. சில வருஷம் அரசே வச்சிருந்து, 1950களின் நடுவுல, யார் வேணா அச்சடிச்சுக்கலாம்னு திறந்தும் விட்டுச்சு. இந்த மொத்தக் கதையையும் ஆ.இரா.வேங்கடாசலபதி 'பாரதி: கவிஞனும் காப்புரிமையும்'னு தனிப் புத்தகமாவே எழுதியிருக்கார். கிடைச்சா விடாதீங்க.

வங்காளமும் குஜராத்தும்

இது எவ்வளவு பெரிய விஷயம்னு பக்கத்துல வச்சுப் பார்த்தாத்தான் தெரியும்.

தாகூர் 1941ல இறந்தார். எழுத்து உரிமை விஸ்வபாரதிகிட்ட. அப்ப இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 50 வருஷம்தான் காப்புரிமை. அதாவது 1991 டிசம்பரோட முடியணும். முடியற நேரம் பார்த்து அவசரச் சட்டம் வந்து, 50 வருஷம் 60 ஆச்சு. தாகூரை விடுதலை பண்ண 2002 ஜனவரி வரைக்கும் வங்காளிகள் காத்திருந்தாங்க. இன்னிக்கு நம்ம எல்லாருக்கும் இருக்கற 60 வருஷக் கணக்கு அப்படி வந்ததுதான்.

காந்தி கதை வேற. 1910ல இந்திய சுயராஜ்யத்தோட ஆங்கிலப் பதிப்புல, எந்த உரிமையும் எனக்கு வேண்டாம்னு அச்சடிச்சே விட்டார். பின்னால தன் எழுத்து உரிமையை நவஜீவன் அறக்கட்டளைக்கு எழுதி வச்சார். 2008 முடிவுல 60 வருஷம் தீர்ந்தப்ப, நீட்டிக்கச் சொல்லிக் கேட்க மாட்டோம்னு நவஜீவன்காரங்க சொல்லிட்டாங்க.

நம்ம தமிழ்நாட்டுல பாரதியோட ஆரம்பிச்ச நாட்டுடைமை ஒரு வழக்கமாவே ஆயிடுச்சு. பாரதிதாசன், அண்ணா, கல்கின்னு நூத்துக்கும் மேல. பொன்னியின் செல்வனை எல்லாப் பதிப்பகமும் போடறதும், நாம பரீட்சைக்கு முந்தின ராத்திரி ஓசியில படிச்சதும் இதனாலதான் ;-) 1998 பொங்கலுக்கு ஆரம்பிச்ச மதுரைத் திட்டத்துல முகம் தெரியாத தமிழர்கள் உலகம் முழுக்க உட்கார்ந்து தட்டச்சி ஏத்தினதும் இந்தத் திறந்த வாசல் வழியாத்தான்.

ஆக, எடுத்துப் போடறதால இலக்கியம் அழியலை. அரண்மனையில ஒரு குடும்பம் குடியேறினா இன்னொரு குடும்பத்துக்கு இடம் குறையும். பாட்டு அப்படி இல்லை. லட்சம் பேர் பாடினாலும் எட்டயபுரத்தான் பாட்டுல ஒரு எழுத்து குறையாது.

அப்ப நண்பர் ஏன் நோகணும்? பாரதியைத்தான் எல்லாரும் எடுத்துக்கிட்டாங்களே, நம்ம பதிவை எடுத்தா என்ன?

இங்கதான் ஒரு நூல் இழை வித்தியாசம் இருக்கு. பாரதி பாட்டை யார் அச்சடிச்சாலும் மேல 'பாரதியார்'னு போட்டாங்க. யாரும் "இது நான் எழுதின பாட்டு"ன்னு கிளம்பலை. 1949ல அரசு வாங்கினது அச்சடிக்கற உரிமையை. பேரை இல்லை. பேரை வாங்கவும் முடியாது, விக்கவும் முடியாது.

ஆக்கியோன் பெயரும் வழியும்

இது ஏதோ வெள்ளைக்காரன் சொல்லித் தந்த சரக்குன்னு நினைச்சுடாதீங்க. ஸ்கூல்ல நன்னூல் படிச்சது ஞாபகம் இருக்கா? (மார்க்குக்காகப் படிச்சது, சரி.) 13ஆம் நூற்றாண்டுல பவணந்தி, ஒரு நூலுக்கு முன்னால வர்ற சிறப்புப் பாயிரத்துல என்னென்ன சொல்லணும்னு எட்டு விஷயம் பட்டியல் போடறார். அதுல முதல் விஷயம் ஆக்கியோன் பெயர். ரெண்டாவது வழி, அதாவது இந்தச் சரக்கு எதுலேர்ந்து வந்ததுங்கற தடம். நூலோட பேரே நாலாவதாத்தான் வருது!

நம்ம பாஷையில சொன்னா, எழுதினவர் பேரைப் போடு, சுட்டியைக் கொடு, அப்புறம் மத்ததைப் பேசு. 2002 டிசம்பர்ல கிரியேட்டிவ் காமன்ஸ்காரங்க உரிமங்களை வெளியிட்டப்ப பேர் போடறதை முக்கிய நிபந்தனையா வச்சாங்க. நம்ம வாத்தியார் எழுநூறு வருஷம் சீனியர்.

அதுக்கும் முன்னால சங்கப்பாட்டைத் தொகுத்தவங்களைப் பாருங்க. சில பாட்டுக்கு எழுதினவர் பேர் தொலைஞ்சு போச்சு. 'தெரியவில்லை'ன்னு விட்டுட்டுப் போயிருக்கலாம். ஆனா பாட்டுக்குள்ள இருக்கற ஒரு அழகான தொடரையே எடுத்துப் பேரா வச்சாங்க. செம்புலப்பெயனீரார், மீனெறி தூண்டிலார், குப்பைக் கோழியார். பேர் தெரியாதவனுக்கே பேர் கொடுத்த மரபு நம்மளது. பேர் தெரிஞ்சும் மறைக்கறதுக்கு என்ன பேர் வைக்கறது?

இப்ப நண்பரோட தொடருக்கு வாங்க. அதை வாசிச்சவங்களுக்குத் தெரியும், ஒவ்வொரு அத்தியாயத்துலயும் பேசினவங்க பேரும் ஊரும் இருந்தது. எந்தப் பெரியவர் எந்தத் தோப்புல எத்தனை வயசுல மரம் ஏற ஆரம்பிச்சார்ங்கிறதெல்லாம். வீடியோவுல நண்பர் பேர் மட்டும் காணாமப் போகலை. அந்தப் பனையேறிகள் பேரும் போயிடுச்சு. ஆக்கியோனும் இல்லை, வழியும் இல்லை. அதுதான் நிஜமான இழப்புன்னு எனக்குத் தோணுது. இனிமே அந்தப் பெரியவரோட பேரன் தேடினாலும் தாத்தாவோட பேச்சு கிடைக்கும், தாத்தா கிடைக்க மாட்டார்.

சட்டம் என்ன சொல்லுது?

இந்தியாவுல 1957 காப்புரிமைச் சட்டப்படி எழுதின கணமே உரிமை உங்களுக்கு. பதிவு பண்ணணும், முத்திரை வாங்கணும்னு கட்டாயம் இல்லை. பதிவுக்கு அடியில அந்த வட்டம் போட்ட குறி இல்லைன்னாலும் உரிமை உண்டு. ஆனா தகவலுக்குக் காப்புரிமை கிடையாது. பனை மரத்துல எப்படிப் பாளை சீவறதுங்கிறது உலகத்துக்குப் பொது. அதை நண்பர் சொன்ன விதம், வாக்கியம், அடுக்கு, அதுதான் அவருது. விமர்சிக்கறதுக்காக நாலு வரி மேற்கோள் காட்டறதும் தப்பில்லை. முழுசையும் வாசிச்சு ஏத்தறது மேற்கோள் இல்லை.

இதே சட்டத்துல 57ஆம் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. காப்புரிமையை முழுசா வித்துட்டாலும், 'இதை நான்தான் செஞ்சேன்'னு சொல்ற உரிமையும், சிதைச்சா எதிர்க்கற உரிமையும் படைச்சவர்கிட்டயே இருக்கும்னு சொல்ற பிரிவு. விஞ்ஞான் பவன்ல இருந்த அமர்நாத் சேகலோட வெண்கலச் சிற்பத்தை அரசு பேத்தெடுத்துக் கிடங்குல போட்டுச்சு. சிற்பம் அரசோட சொத்துதான். ஆனா 2005ல டெல்லி உயர் நீதிமன்றம், சிற்பத்தைத் திருப்பிக் கொடு, கூடவே 5 லட்சமும் கொடுன்னு தீர்ப்பு சொன்னது.

இத்தாலியில இது இன்னும் அழுத்தம். 1941ஆம் வருஷத்து 633ஆம் எண் சட்டம், காசு சம்பந்தப்பட்ட உரிமையையும் பேர் சம்பந்தப்பட்ட உரிமையையும் தனித்தனியாப் பிரிக்குது. காசு உரிமை இப்போ இறந்து 70 வருஷம் வரைக்கும். பேர் உரிமைக்குக் காலக்கெடுவே இல்லை. எங்க பலெர்மோக்காரர் லம்பேதூசாவை எடுத்துக்கோங்க. அவரோட ஒரே நாவல் 'இல் கத்தோபார்தோ'. உயிரோட இருந்தப்ப பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின நாவல். 1957ல இறந்தார், 1958ல புத்தகம் வந்தது, 1959ல ஸ்த்ரேகா பரிசு. நம்ம பாரதி மாதிரியே, புகழைப் பார்க்காமப் போன ஆள். இத்தாலியில அந்த மூல நூல் 2027 முடியற வரைக்கும் காப்புரிமையில இருக்கு. நம்மூர்க் கணக்குல, இறந்தப்புறம் வெளிவந்த புத்தகத்துக்கு வெளிவந்த வருஷத்துலேர்ந்து 60, அதனால 2018ஓட தீர்ந்துடுச்சு. ஒரே புத்தகம், ஒரு கடலுக்கு இந்தப் பக்கம் பூட்டு, அந்தப் பக்கம் திறப்பு. ஆனா எந்தப் பக்கமும் அட்டையில வேற பேர் போட முடியாது.

நண்பருக்கு உடனடியா ஆகற காரியம் ஒண்ணு சொல்றேன். 2013ஆம் வருஷ இந்தியக் காப்புரிமை விதிகள்ல 75ஆம் விதிப்படி, அந்த வீடியோவைத் தாங்கியிருக்கற தளத்துக்கு எழுத்துல புகார் கொடுக்கலாம். எது உங்க படைப்பு, உங்களுதுங்கறதுக்கு என்ன ஆதாரம், எங்க எடுத்துப் போட்டிருக்காங்கங்கிற விவரத்தோட. நீதிமன்றம் போவேன்னு ஒரு உறுதியும் தரணும். தளத்துக்குத் திருப்தியானா 36 மணி நேரத்துல அணுகலை நிறுத்தணும். 21 நாளுக்குள்ள நீதிமன்ற ஆணை கொண்டு வரலைன்னா அவங்க திரும்பத் திறந்து விடலாம். ஏழை எழுத்தாளனுக்கு அந்தக் கடைசிப் படிதான் இடிக்கும், தெரியும். இருந்தாலும் பல பேர் முதல் கடுதாசிக்கே பேரைப் போட்டுடுவாங்க.

சோறு?

இதுவரைக்கும் பேர், பேர்னே பேசிட்டேன். 'பேரை வச்சு நாக்கு வழிக்கவா'ன்னு கேட்பீங்க. நியாயம். 1920ல பாரதி கேட்டது புகழ் இல்லை, அச்சுக்கூலி. பாரதி கதையில எனக்குக் குடையற இடமும் அதுதான். நாட்டுடைமை ஆனப்ப நாடே கொண்டாடிச்சு. ஆனா செல்லம்மா கைக்குக் காசு வந்தது அவர் போய் 28 வருஷம் கழிச்சு. நடுவுல உரிமை எத்தனை கை மாறிச்சோ அத்தனை கையிலயும் அது வளர்ந்தது. முதல் கையில மட்டும் வளரலை.

அதைச் சட்டமும் மெதுவா உணர்ந்திருக்கு. 2012 திருத்தத்துல, சினிமாவுக்குப் பாட்டு எழுதறவங்களும் இசையமைக்கறவங்களும், திரையரங்கு தவிர மத்த வழியில வர்ற ராயல்டியில தங்களுக்கான சம பங்கைத் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுக்கவே முடியாதுன்னு ஆக்கினாங்க. வறுமையில கையெழுத்துப் போட்டாலும் செல்லாது. செல்லம்மா காலத்துல இப்படி ஒண்ணு இருந்திருந்தா இசைத்தட்டு வித்ததுல ஒரு பங்கு கடையத்துக்கும் போயிருக்கும்.

நாம என்ன செய்யலாம்? பூட்டி வைக்கறது தீர்வு இல்லைன்னு நினைக்கிறேன். பூட்டினா பனையேறிகளும் சேர்ந்து பூட்டிக்குவாங்க. பாதுகாக்கறேன்னு சொல்லிக் கதவைச் சாத்தின கட்டடம் சீக்கிரம் இடியும்கிறது எங்க படிப்புல முதல் பாடம். அதுக்காகக் கதவைக் கழட்டியும் வைக்கக் கூடாது. வாசல்ல ஒரு பலகை வைக்கலாம். யார் எடுக்கலாம், எப்படி எடுக்கலாம், காசு பண்றதா இருந்தா யாரைக் கேட்கணும்னு ஒவ்வொருத்தரும் அவங்கவங்க பக்கத்துல தெளிவா எழுதி வைக்கலாம். யாராவது நம்ம எழுத்தைப் புத்தகமாவோ ஒலியாவோ போடக் கேட்டா, 'எல்லா உரிமையும்'னு ஒரே வரியில கையெழுத்துப் போடாம, எந்த வடிவத்துக்கு, எத்தனை வருஷத்துக்குன்னு கேட்டு வாங்கலாம். முறுக்கை உடைக்கறது நம்ம கையில இருக்கட்டும்.

என் வாசல் பலகை இது: இந்தப் பதிவை யார் வேணா, எங்க வேணா, எடுத்துப் போடலாம். ஆக்கியோன் பேரும் வழியும் இருக்கணும். வித்துக் காசு பண்றதா இருந்தா ஒரு மடல் போடுங்க, பேசிக்கலாம்.

நண்பரே, தொடரோட அடுத்த பாகம் எப்போ? பின்னூட்டத்துல இவரை இழுத்துப் பிடிச்சுக் கேளுங்க மக்கா.

டிஸ்கி: மறுபடியும் சொல்றேன், நான் வக்கீல் இல்லை. வழக்குன்னு போறவங்க நல்ல வக்கீலைப் பாருங்க. சுண்ணாம்புக் காரை விழுந்தா மட்டும் என்னைக் கூப்பிடுங்க :-)